இலையைப் பார்த்தே குட்டி ஆர்க்கிட்டுக்குப் பெயர் சொல்ல முடியுமா?

ஈசூன்வாசி கேட்டது – ஜனவரி 11, மாலை 6.40

மூன்று படம் போட்டிருக்கிறேன். ஒன்று, சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக் பக்கத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் ஒட்டிக்கிடப்பது. இலை வட்டமாக, தடிப்பாக, காசு அளவில் இருக்கிறது. இரண்டு, நாற்றுப்பண்ணையில் வாங்கிய தொட்டி. அட்டையில் ‘மினி ஆர்க்கிட்’ என்று மட்டும் இருந்தது. மூன்று, நண்பர் கொடுத்தது. இலையெல்லாம் தட்டையாக, சடை பின்னியதுபோல இருக்கிறது. மூன்றிலும் பூ இல்லை. மாமரத்தையும் வேப்பமரத்தையும் பூ பார்த்தா சொல்கிறோம்? இலை போதும் என்பது என் கட்சி. தெரிந்தவர்கள் பெயர் சொல்லுங்கள்.

ஜனவரி 11, இரவு 9.15 (இதுவும் இனி வருபவையும் என் பதில்கள்)

முதல் படம் ஆர்க்கிட்டே இல்லை. அது பெரணி. பைரோசியா பைலோசெலாய்டிஸ் என்று பெயர். தூங்குமூஞ்சி மரக்கிளைகளில் பச்சைக் காசுகளை வரிசையாக ஒட்டியதுபோல ஓடும். நாளைக்கு அந்தப் பக்கம் போனால் வட்ட இலைகளுக்கு நடுவே விரல்போல நீண்ட, ஒடுங்கிய இலைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவற்றின் ஓரத்தில் பழுப்புக் கோடு தெரியும். வித்துத்தூள் இருக்கும் இடம் அது. ஆர்க்கிட்டில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது.

ஜனவரி 11, இரவு 9.50

நீண்ட இலை ஒன்றுகூட இல்லையென்றால் இன்னொரு ஆளையும் சந்தேகப்படலாம். டிஸ்கிடியா நும்முலேரியா. கடைகளில் இதைப் ‘பட்டன் ஆர்க்கிட்’ என்றே விற்கிறார்கள், ஆனால் இது எருக்கஞ்செடியின் குடும்பம். கீழே விழுந்துகிடக்கும் துண்டு கிடைத்தால் இலையைக் கிள்ளிப் பாருங்கள், பால் வரும். ஆர்க்கிட் இலையைக் கிள்ளினால் அப்படி வெள்ளைப் பால் வராது. டிஸ்கிடியாவில் இலைகள் தண்டின் இருபுறமும் எதிரெதிராக ஜோடி ஜோடியாக நிற்பதையும் கவனியுங்கள். ஆர்க்கிட்டில் பெரும்பாலும் மாறி மாறி வரும்.

மரத்திலிருந்து பிய்த்துப் பார்க்க வேண்டாம். பூங்காவிலும் இயற்கை வனப்பகுதியிலும் செடியைப் பறிப்பது குற்றம், அபராதம் உண்டு.

ஜனவரி 12, காலை 7.30

இப்போது உங்கள் கட்சிக்கு வருகிறேன். மாவிலை விஷயம் சரிதான். ஆனால் நமக்கு மாமரம் என்றால் ஒரே ஓர் இனம், சின்ன வயதிலிருந்து பார்த்தது. பல்போஃபில்லம் என்ற ஒரே ஆர்க்கிட் பேரினத்தில் மட்டும் 2000 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. அதில் எத்தனையோ இனங்களுக்குக் கட்டைவிரல் நீளத்தில், வழுவழுவென்று, பச்சையாக ஒரே மாதிரி இலைதான். இலை உங்களுக்குப் புளோக் எண்ணை, அதாவது பேரினத்தைச் சொல்லும். வீட்டு எண்ணை, அதாவது இனத்தைப் பூதான் சொல்லும்.

புளோக் எண் கிடைப்பதே பெரிய காரியம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதற்கும் இலையின் உருவத்தைவிட இலை எங்கே, எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். நான் செடியைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது வளரும் விதத்தை. ஒரே தண்டு நுனியில் மட்டும் மேலே மேலே வளர்ந்துகொண்டு போகிறதா, அல்லது தரையோடு படர்ந்து பக்கத்தில் புதுத் தளிர் விட்டுக்கொண்டே நகர்கிறதா? முதல் வகையென்றால் வாண்டா, பலெனாப்சிஸ் கூட்டம். இரண்டாம் வகையென்றால் டென்ட்ரோபியம், பல்போஃபில்லம், ஈரியா, இன்னும் ஏகப்பட்டவை. அடுத்தது இலைக்குக் கீழே குமிழ் (தடித்துப் பருத்த தண்டு) உண்டா, ஒரு குமிழுக்கு எத்தனை இலை என்பது. படரும் தண்டில் இடைவெளி விட்டு விட்டுக் குமிழ், ஒவ்வொன்றின் தலையிலும் ஒற்றை இலை என்றால் பல்போஃபில்லம் என்று பத்துக்கு எட்டுத் தடவை தைரியமாகச் சொல்லலாம். நுனியையும் விடக்கூடாது. வாண்டா கூட்டத்தில் பல செடிகளுக்கு இலை நுனி இரண்டாகப் பிளந்து, ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை என்று கோணலாக இருக்கும். எலி கடித்ததா என்று என் மாமியார் கேட்டார்.

ஜனவரி 12, இரவு 8.05

மூன்றாவது படம். சடை போட்டதுபோல இருப்பதால் டென்ட்ரோபியத்தில் அபோரம் என்ற பிரிவு. சாதாரண இலை மேல்பக்கம் கீழ்பக்கம் என்று விரியும். இதில் இலை நடுவாக மடிந்து ஒட்டிப்போய், கத்தி அலகைச் செங்குத்தாக நிறுத்தியதுபோல நிற்கும்.

இங்கே இலையே இன்னும் ஒரு படி கூட்டிக்கொண்டு போகும். அகலமான, மொண்ணையான இலைகள் தண்டின் நுனிவரை இடைவிடாமல் அடுக்கியிருந்தால் டென்ட்ரோபியம் லியோனிஸாக இருக்கலாம். நுனியை நெருங்க நெருங்க இலை சிறுத்து, கடைசியில் வெறும் குச்சிபோல நீண்டிருந்தால் டென்ட்ரோபியம் அலோய்ஃபோலியம் பக்கம் போகும். அந்தக் குச்சிப் பகுதியில்தான் அதற்குச் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள் வரும். உங்கள் படத்தில் நுனி வெட்டுப்பட்டிருக்கிறது. முழுத் தண்டும் தெரிகிற மாதிரி இன்னொரு படம் போடுங்கள்.

லியோனிஸ் என்றால் பூ வந்ததும் மூக்கே சொல்லிவிடும். வெனிலா வாசம்.

ஜனவரி 13, மதியம் 1.10

மூன்றாவது படத்தைப் பார்த்து, ‘அது ஓபெரோனியா என்ற பேரினமாகவும் இருக்கலாமே’ என்று கேட்ட மண்சட்டி அக்காவுக்கு: நல்ல கேள்வி, இரண்டுக்கும் இலை அதே மடிப்புத்தான். ஆனால் ஓபெரோனியாவில் தண்டு நீளாது (நீளும் இனங்களும் உண்டு, குறைவு). அடியிலிருந்து விசிறி விரித்ததுபோல ஐந்தாறு இலை, அவ்வளவுதான். பூக்கும்போது சந்தேகமே வராது. விசிறியின் நடுவிலிருந்து எலிவால்போல ஒரு கதிர் வரும். அதைச் சுற்றி ஓரிரண்டு மில்லிமீட்டர் பூக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். வெறும் கண்ணுக்கு மாவு தூவியதுபோலத் தெரியும். வில்லை வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் முழு ஆர்க்கிட், ‘உதடு’ எனப்படும் இதழ் உட்பட.

ஜனவரி 16, இரவு 10.30

எல்லோரும் படம் அனுப்புகிறீர்கள், சந்தோஷம். ஆனால் எல்லாம் பூவை நேர் எதிரே நின்று எடுத்த கல்யாணப் படம். அடையாளம் காண அது போதாது.

ஆர்க்கிட் பூவில் வெளியே மூன்று புல்லியிதழ், உள்ளே மூன்று அல்லியிதழ். உள் மூன்றில் ஒன்றுதான் உதடு. பூவின் ஆண் பாகமும் பெண் பாகமும் ஒன்றாகச் சேர்ந்து நடுவில் நிற்பது தூண். குட்டிப் பூக்களில் நிறத்தை நம்பி நான் பெயர் சொல்ல மாட்டேன். ஒரே இனத்தில் மஞ்சளும் வரும், ஊதா கலந்ததும் வரும், வெயிலுக்குத் தக்க மாறும். உதட்டின் உருவம், அதன் மேல் இருக்கும் மேடு, முடி, பள்ளம், அப்புறம் தூணின் அடிப்பாகம், இந்த மூன்றுக்குள்தான் பெரும்பாலும் விடை இருக்கிறது. அவை நேர்ப்படத்தில் தெரியாது. பக்கவாட்டில் ஒன்று எடுங்கள். டென்ட்ரோபியமா என்று பார்க்கவும் பக்கவாட்டுப் படம்தான் வேண்டும், பூவுக்குப் பின்னால் ஒரு தாடை துருத்திக்கொண்டிருக்கும். முடிந்தால் மேலிருந்தும் ஒன்று. பூக்காம்பு எங்கிருந்து கிளம்புகிறது என்பதற்குத் தனியாக ஒன்று. பல்போஃபில்லத்தில் காம்பு குமிழின் அடியிலிருந்தோ படரும் தண்டிலிருந்தோதான் வரும், குமிழின் உச்சியிலிருந்து வராது. ஒற்றைக் குமிழ், ஒற்றை இலை என்று எல்லாம் பொருந்தி, காம்பு மட்டும் உச்சியிலிருந்து வந்தால் வேறு பேரினத்தைத் தேடுங்கள்.

அளவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) காசு வையுங்கள். 2013இல் வந்த புதுக் காசு 24.65 மில்லிமீட்டர் குறுக்களவு. ‘என் விரல் அளவு’ என்று எழுதாதீர்கள், உங்கள் விரலை நான் பார்த்ததில்லை.

ஜனவரி 17, காலை 6.55

விட்டுப்போனது: மின்விசிறியை நிறுத்திவிட்டுப் படம் எடுங்கள். பல்போஃபில்லத்தின் உதடு கீல் வைத்ததுபோல ஆடும். சின்னக் காற்றுக்கே தலையாட்டும், படம் மங்கிவிடும். ஈ வந்து உட்காரும்போது அந்த ஆட்டம்தான் அதைத் தூண்மேல் தள்ளி மகரந்தத்தை ஒட்டவைக்கிறது. ஈயைக் கூப்பிடுகிற பூவென்பதால் சிலதுக்கு நாற்றமும் அப்படியே இருக்கும். எங்கள் தாழ்வாரத்தில் ஒன்று பூத்தபோது பக்கத்து வீட்டு ஆன்ட்டி கருவாடு காயப்போட்டிருக்கிறோமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஜனவரி 17, இரவு 9.20

ஈரியாவுக்கும் டென்ட்ரோபியத்துக்கும் வித்தியாசம் கேட்ட தம்பிக்கு. இலையை வைத்துப் பிரிப்பது சில சமயம் நடக்கும், பல சமயம் நடக்காது. பூவில் நிச்சயமான வழி ஒன்று உண்டு. தூணின் நுனியில் ஒரு மூடி இருக்கும். பல்குச்சியால் அதை மெல்ல நெம்பினால் மஞ்சள் மகரந்தப் பொட்டலங்கள் குச்சியோடு வரும். எண்ணுங்கள். டென்ட்ரோபியம் என்றால் நான்கு. ஈரியா கூட்டம் என்றால் எட்டு. ஈரியாவை இப்போது பல பேரினங்களாக உடைத்துவிட்டார்கள், ஆனாலும் எட்டு எட்டுதான். வாண்டா கூட்டத்திலோ அவை ஒரு சின்னக் காம்பும் ஒட்டும் பசைத் தட்டும் சேர்ந்து ஒரே துண்டாக வரும்.

வாடப்போகிற பூவில் செய்து பாருங்கள். கண் கூசாத வெளிச்சம் வேண்டும், தும்மல் வரக் கூடாது.

ஜனவரி 21, மாலை 5.45

இன்று அலுவலகத்திலிருந்து வரும் வழியில் மரத்துக்கு மரம் வெள்ளைப் பூ. புறா ஆர்க்கிட், டென்ட்ரோபியம் குருமினேட்டம். இது குட்டி இல்லை, தண்டு நன்றாக நீளும், இந்த விவாத இழைக்குச் சம்பந்தமில்லாதது என்று யாராவது சண்டைக்கு வரலாம். ஆனாலும் சொல்கிறேன். பெருமழை பெய்து வெப்பம் சட்டென்று இறங்கினால் ஏறக்குறைய 9 நாள் கழித்துத் தீவு முழுக்க ஒரே நாளில் பூக்கும். அந்தியில் வாடிவிடும். இந்த நடத்தையே ஓர் அடையாளம். இலை, உதடு எல்லாம் பார்க்காமலே, பேருந்து சன்னலிலிருந்தே பெயர் சொல்லிவிடலாம். திரிக்ஸ்பெர்மம் என்ற பேரினத்திலும் பல இனங்களுக்குப் பூ ஒரு நாள்தான். ஆகவே குறிப்பேட்டில் பூ திறந்த நாள், வாடிய நாள் இரண்டையும் எழுதி வையுங்கள். அது இலை அளவைவிடப் பயன்படும்.

தலையில் வைக்கலாமா என்று குட்டிமாலா கேட்டிருக்கிறார். வாசம் உண்டு. வீட்டுத் தொட்டியில் பூத்தது என்றால் உங்கள் இஷ்டம். காலையில் வைத்தால் சாயங்காலத்துக்குள் வாடி நிற்கும், மல்லிகையே மேல்.

ஜனவரி 22, இரவு 8.40

‘இலையை வைத்துச் சொல்லிவிடலாம்’ கட்சிக்கு ஒரு கேள்வி: இலையே இல்லையென்றால்?

டேனியோஃபில்லம். இந்தத் தீவிலும் உண்டு. மரக்கிளையில் தட்டையான பச்சை நூல்கள் நட்சத்திரம்போல விரிந்து கிடக்கும். எல்லாம் வேர். உணவு சமைப்பதும் அந்த வேர்தான். நடுவில் உற்றுப் பார்த்தால் ஊசிமுனை அளவில் ஒரு தண்டு. பூவும் அதற்கு ஏற்ற குட்டி. பெரும்பாலானோர் பாசி என்று நினைத்துத் தாண்டிப் போகிறோம். இதில் வேரின் அகலம், தட்டையா உருண்டையா, பூக்காம்பு வழவழப்பா சொரசொரப்பா என்றுதான் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 2, காலை 10.15

இரண்டாவது படத்துக்கு இத்தனை நாள் நான் வாயே திறக்கவில்லை என்று ஈசூன்வாசி கோபித்துக்கொண்டார். காரணம் இருக்கிறது. மாறி மாறி இரண்டு வரிசையில் அகல இலை, குமிழ் கிடையாது, வெள்ளி பூசிய தடித்த வேர். குட்டிப் பலெனாப்சிஸ், அதில் சந்தேகமில்லை. அதற்குமேல் இனப் பெயர் தேடுவது வீண்வேலை. கடையில் ‘மினி’ என்று வருவது அநேகமாகக் கலப்பினம். பிலிப்பீன்ஸ், தைவான் பக்கத்து பலெனாப்சிஸ் எக்வெஸ்ட்ரிஸ் மாதிரி சின்னப் பூ இனங்களைத் தாத்தா பாட்டியாக வைத்து எத்தனையோ தலைமுறை கலந்தது. கலப்பினத்துக்குப் பெயர் என்பது பிரிட்டனில் அரச தோட்டக்கலைச் சங்கம் வைத்திருக்கும் பதிவேட்டில் இருப்பது. பெற்றோர் யார் என்ற சீட்டு தொலைந்தால் பெயரும் தொலைந்தது. பூ வந்தாலும் திரும்பக் கிடைக்காது.

நானும் ஒரு பண்ணையில் இப்படி அட்டையோடு ஒன்று வாங்கினேன். பெரிய லத்தீன் பெயரெல்லாம் எழுதியிருந்தது. பூத்தபோது பார்த்தால் பேரினமே வேறு. கேட்டதற்கு, ‘அட்டை மாறியிருக்கும், பூ அழகாக இருக்கிறதல்லவா?’ என்றார்கள். அழகாகத்தான் இருந்தது, அதனால் சண்டை போட முடியவில்லை.

பிப்ரவரி 2, இரவு 7.30

கலப்பினம் என்றதும் வாண்டா மிஸ் ஜோக்கிமை யாராவது இழுப்பார்கள் என்று தெரியும், இழுத்துவிட்டார்கள். 1893இல் பூமலையின் (சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா) இயக்குநர் ரிட்லி பெயர் சூட்டினார், 1981இல் சிங்கப்பூரின் தேசிய மலர் ஆனது. ஹூக்கரியானாவும் டெரிஸும் கலந்தது. இந்தப் பெற்றோர் இருவரையும் இப்போது வாண்டாவிலிருந்து பிரித்துப் பாப்பிலியோனாந்தே என்ற பேரினத்தில் வைத்திருப்பதால் நம் தேசிய மலரும் ஏட்டில் பாப்பிலியோனாந்தே மிஸ் ஜோக்கிம்தான். ஈசூன்வாசிக்குப் பிடித்த விஷயம் இதில் உண்டு: வாண்டாவுக்குப் பெரும்பாலும் பட்டை இலை, பாப்பிலியோனாந்தேவுக்குப் பென்சில்போல உருண்ட இலை. ஆக, இலையைப் பார்த்தே ‘இது வாண்டா இல்லை’ என்று சொல்லலாம். பேரினம் வரைக்கும் இலைக்கு மதிப்பு உண்டு என்று நான் முதலிலேயே சொன்னேன்.

பிப்ரவரி 5, இரவு 11.00

யோசித்துப் பார்த்தால் புளோக் எண்ணோடு நிறுத்தியது சில செடிகளுக்கு அநியாயம். இலைக்காகவே வளர்க்கிற ஆர்க்கிட்டுகள் இருக்கின்றன. லூடிசியா டிஸ்கலர்: கருஞ்சிவப்பு வெல்வெட் இலை, அதில் செம்பு நிறக் கோடுகள் நீளவாக்கில். மகோடஸ் பெடோலா: பச்சை இலையில் தங்க நரம்பு வலை, வெயில் பட்டால் மினுங்கும். இவற்றை இலையைப் பார்த்தே இனம்வரை சொல்பவர்களோடு நான் வாதாட மாட்டேன்.

அனெக்டோகைலஸ் வந்தால் மறுபடியும் சிக்கல். அதற்கும் வெல்வெட், அதற்கும் மின்னும் நரம்பு. பூ வரட்டும். அனெக்டோகைலஸில் உதட்டின் இடுப்பில் இருபுறமும் சீப்புப் பல்போல இழைகள் இருக்கும். லூடிசியாவிலும் மகோடஸிலும் அந்தச் சீப்பு கிடையாது, உதடும் தூணும் முறுக்கிக்கொண்டு கோணலாக நிற்கும்.

பிப்ரவரி 14, மதியம் 2.20

விடுமுறை இல்லாத நாள் பார்த்துப் பூமலை போனேன். தேசிய ஆர்க்கிட் தோட்டத்தில் 2021இல் திறந்த குளிர்வீடு என் போன்றவர்களுக்கு வரம். மலைக்காட்டுச் செடிகளைக் கண்மட்டத்தில் பார்க்கலாம். கரையோரப் பூந்தோட்டங்களின் (கார்டன்ஸ் பை த பே) ‘மேகக் காடு’ குளிர்க்கூடத்திலும் பார்க்கலாம், ஆனால் அங்கே எல்லோரும் அருவிமுன் படம் எடுப்பதால் ஒரு செடியின் முன்னால் நின்றால் இடிபட வேண்டும்.

லெபாந்தீஸ் ரசிகர்களுக்கு: மத்திய, தென் அமெரிக்கச் செடி, 1000 இனங்களுக்கு மேல். இலை நகத்தளவு, பூ பல இனங்களில் இலைமேலேயே படுத்திருக்கும். பூவை மறந்துவிட்டு இலைக்குக் கீழே தண்டைப் பாருங்கள். புனல் வாயோடு அடுக்கடுக்காக உறைகள், வாயின் ஓரத்தில் குட்டி முடி. அது தெரிந்தால் லெபாந்தீஸ் அல்லது அதன் நெருங்கிய சொந்தம். இதுவும் இலை பக்கத்துச் சாட்சியம்தான், அந்த உறை இலை அல்ல என்றாலும். பூவுக்கு வருவது பூஞ்சை ஈ எனப்படும் ஒரு சின்ன ஈயின் ஆண், பெண் ஈ என்று ஏமாந்து. அதனால்தான் உதடு ஒவ்வோர் இனத்திலும் அவ்வளவு நுணுக்கமாக மாறுகிறது, நாமும் உதட்டையே பார்க்க வேண்டியிருக்கிறது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வளருமா என்றால், குளிர் இல்லாமல் வளராது. ஒயின் குளிர்பெட்டியில் விளக்கு வைத்து வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். மின் கட்டணத்தைத் துணைவியாரிடம் யார் சொல்வது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிப்ரவரி 15, காலை 8.00

மரத்தில் பார்த்த பல்போஃபில்லம் வஜைனேட்டமா மெம்பரனேசியமா என்ற நேற்றைய கேள்வி. இரண்டும் நம் ஊர்க்காரர்கள். பூமலையும் தேசியப் பூங்காக் கழகமும் 1995 முதல் உள்ளூர் ஆர்க்கிட்டுகளைக் குடுவையில் முளைக்கவைத்து மரங்களில் கட்டி வருகின்றன. ஆகவே சாலையோரத்தில் எதைப் பார்த்தாலும் ‘காட்டிலிருந்து தானாக வந்தது’ என்று எழுதிவிடாதீர்கள். வஜைனேட்டம் இலை பெரிது, பூ வெளிர் மஞ்சளில் கொத்தாக, நீள வால்களோடு வரும். மெம்பரனேசியம் இலையும் சின்னது, பூவும் ஒற்றை ஒற்றையாக. பூக்காத நாளில் சின்ன வஜைனேட்டம் கன்றையும் வளர்ந்த மெம்பரனேசியத்தையும் கீழே நின்று பிரிக்க நான் முயல மாட்டேன். ‘பல்போஃபில்லம், இனம் தெரியவில்லை’ என்று எழுதிவிட்டு நடையைக் கட்டுவேன்.

பிப்ரவரி 20, இரவு 9.35

ஊருக்குப் போகும்போது கொல்லிமலையில் ஏதாவது கிடைத்தால் பெட்டியில் வைத்து வரலாமா என்று ஒருவர். கூடாது. ஆர்க்கிட் குடும்பம் மொத்தமும் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது. காட்டுச் செடிக்கு அங்கே ஏற்றுமதி அனுமதி, இங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி, செடிநலச் சான்றிதழ் என்று வரிசை நீளும். அதெல்லாம் வாங்கினாலும் மலைக்குளிரில் வளர்ந்தது நம்மூர் தெம்பனிஸ் வெக்கையில் நிற்காது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறினால் போர்பாக்ஸ் ரெடிகுலேட்டாவை மட்டும் தேடிப் பாருங்கள். பாறையிலும் மரத்திலும் தட்டையான வட்டக் குமிழ், அதன்மேல் வலை போர்த்தியதுபோல உறை. கோடையில் இலை உதிர்ந்து வெறும் குமிழ்தான் இருக்கும், அப்போதும் பேரினம் சொல்லிவிடலாம். காசு பக்கத்தில் வைத்து, பக்கவாட்டிலும் மேலிருந்தும் எடுத்து இங்கே போடுங்கள். இந்திய ரூபாய்க் காசு என்றால் எந்த வருடத்துக் காசு என்பதையும் எழுதுங்கள், அளவை அடிக்கடி மாற்றியிருக்கிறார்கள்.